வலிக்கிற கன்று

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் வலியில்தான் போய் நிற்கிறது. முட்டு வலி, குறுக்கு வலி, படியேறினால் வருகிற வலி. எனக்கும் எல்லாம் உண்டு, அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது அந்தச் சொல்லைப் பற்றி. போன மழையில் நெஞ்சில் சளி கட்டி நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த சின்ன வயது டாக்டர் முதுகில் குழாயை வைத்துவிட்டு, "வலிக்குதா பாட்டி?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். "மூச்சு இழுக்கு. நோவு ஒண்ணும் இல்ல" என்று பிரித்துச் சொன்னேன். அவனுக்கு நான் எதற்காக அப்படி அழுத்திச் சொன்னேன் என்று புரிந்திருக்காது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பக்கம் ஒருவர் சொல்வது அந்தப் பக்கம் வேறாகப் போய் விழுவதை எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த எச்சரிக்கை எனக்கு வேலையில் வந்ததல்ல. சின்ன வயதில் ஒரு மழைக்காலத்தில், எங்கள் வீட்டுத் தொழுவத்தில் வந்தது.

மேற்கே விளவங்கோடு பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பேச்சில் காலில் முள் குத்தினால் அது நோவு. வலி என்றால் இழுப்பு. கயிற்றை வலிப்போம். பீடியை வலிப்பார்கள். நெஞ்சில் சளி கட்டி ஒருவருக்கு மூச்சு இழுத்தால், "அவருக்கு வலிக்கு" என்போம். அந்தச் சீக்குக்கு வலிவு என்று பேர். மலையாளக் கரையை ஒட்டிக் கிடக்கிற ஊர், பாதிச் சொல் அங்கிருந்து வந்ததுதான்.

எங்கள் வீடு ரப்பர் மரங்கள் நின்ற ஒரு விளைக்குக் கீழே இருந்தது. பின்பக்கம் நின்றால் சிதறால் மலைப்பாறை தெரியும். மழை வருகிறதா என்று பார்க்க அம்மா வானத்தைப் பார்க்க மாட்டாள், அந்தப் பாறையைப் பார்ப்பாள். பாறை மறைந்துவிட்டால் கொடியில் கிடக்கிற துணிகளை எடுக்க வேண்டியதுதான். அப்பா மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தார். வீட்டில் அம்மா, நான், தொழுவத்தில் ஒரு செவலைப் பசு. அவ்வளவுதான்.

அந்த வருஷம் கோடையில் சித்தி வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. சித்தப்பா ஒரு தகரப் பெட்டியோடு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "கொஞ்ச நாள் இஞ்ச இருக்கட்டு" என்று சொல்லிச் சாயா குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. முந்தின மழைக்காலத்தில் அவளுடைய கைப்பிள்ளை இறந்துபோயிருந்தது. புருஷன் வீட்டில் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் அளவில்லாமல் பால் கொடுத்தாளாம். அதுவும் படுத்துக்கொண்டே கொடுத்தாளாம். பால் நெஞ்சில் இறங்கிப் பிள்ளை போய்விட்டதாம்.

அம்மாவும் அதைப் பாதி நம்பினாள். பக்கத்து வீட்டு மாமியிடம் வேலியோரம் நின்று, "அவளுக்குச் சின்னதிலேயே ஒறக்கம் கூடுதல் கேட்டியளா" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். சித்தி பதிலே சொல்ல மாட்டாள். அவள் மறுத்தால் யார் நம்பப் போகிறார்கள்? அவளுக்கே நிச்சயமில்லை என்பதுதான் இன்று யோசித்தால் எனக்கு உறைக்கிறது. தன் கையால்தான் பிள்ளை போயிற்றோ என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் துணி துவைக்கும்போது துவைப்பதை நிறுத்திவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நான் அதைச் சோப்பு பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் ஜூன் மழைக்கு இடவப்பாதி என்று பேர். அந்த மழை பிடித்த வாரத்தில் பசு கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் மட்டும் வெள்ளை. அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சீம்பாலைக் கறந்து, கருப்பட்டி தட்டிப் போட்டு, ஏலம் பொடித்துக் கிண்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பித்தளைத் தூக்கில் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அந்த வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கன்று ஈன்ற வீட்டில் சீம்பால் கொடுக்கவில்லை என்றால் ஊரில் பேச்சு வரும். எல்லாருக்கும் போக மிச்சம்தான் கன்றுக்கு.

"கன்னுக்கு வேண்டாமா யக்கா?" என்று சித்தி கேட்டாள்.

"சீம்பாலு கூடுதல் குடிச்சா கன்னுக்கு வயித்தால போவும். ஒனக்கென்ன தெரியும்?" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் இரங்கி, "நீ வெறுதே இருக்கியல்லா. கன்ன நீ நோக்கு" என்றாள்.

வெறுதே என்றால் சும்மா, நோக்கு என்றால் பார்த்துக்கொள் என்று அர்த்தம். சித்தி அதை வரம் மாதிரி வாங்கிக்கொண்டாள். வந்த நாள் முதல் ஒரு மூலையில் கிடந்தவள் விடியும் முன்பே எழுந்தாள். கன்றின் தொப்புளை மஞ்சள் வைத்துத் துடைத்தாள். அதன் கால் குளம்பில் ஒட்டிய சாணியைச் சிரட்டைத் துண்டால் சுரண்டினாள். அம்மா கறக்கும்போது ஒரு காம்பைக் கறக்காமல் விட்டுவிடும்படி கெஞ்சினாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சாயாக்கடைக்கு ஊற்றுகிற பால் குறையும். அதனால் அம்மா இல்லாத நேரம் பார்த்து, சித்தி தான் கறக்கும்போதெல்லாம் ஒரு காம்பை விட்டுவிடுவாள். அது எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் கன்று முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அதன் வாயோரம் நுரை கட்டும். சித்தி சிரித்து நான் பார்த்தது அந்த வருஷத்தில் அப்போதுதான்.

மழை விடவேயில்லை. "ஈரக்காத்து கேறாண்டாம்" என்று அம்மா தொழுவத்தைச் சுற்றி முடைந்த தென்னோலையை வைத்துக் கட்டினாள். இடுக்குகளில் பழஞ்சேலையைத் திணித்தாள். எனக்குச் சிறியதாகிப்போன ஒரு பூப்போட்ட பாவாடையும் அப்படி ஒரு இடுக்கை அடைக்கப் போயிற்று. கொசுவுக்கு உமியும் பச்சை இலையும் போட்டுப் புகைமூட்டம் வேறு. உள்ளே போனால் கண் எரியும். புகை என்று நினைத்தோம். பாதி புகை, மீதி போக வழியில்லாமல் தேங்கிக் கிடந்த மூத்திர வாடை. கன்று அதைத்தான் இரவும் பகலும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அம்மா அக்கறையாகத்தான் செய்தாள். இன்று எந்த மாட்டு டாக்டரைக் கேட்டாலும் செய்யாதே என்று சொல்வது அதைத்தான்.

முதலில் இருமல் வந்தது. பீடி குடிக்கிற கிழவர் இருமுவது போல இருந்ததால் நான் சிரித்தேன். அப்புறம் மூக்கில் சளி கெட்டியாக ஒழுகியது. காதுகள் தொங்கின. கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, முன்னங்கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றது. மூக்குத்துவாரம் விரிந்து விரிந்து சுருங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு இரண்டு பக்கமும் குழிந்து உள்ளே போயிற்று. பால் காம்பை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சித்தி அதன் விலாவில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "சித்தி, கஞ்சி குடிக்க வா" என்று நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. கன்றின் வயிறு குழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது கவலை என்று நினைத்தேன். அது பயம்.

மறுநாள் அவளும் நானும் பஸ் ஏறி மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். கன்றைக் கொண்டுபோக வழியில்லை, நடக்காது, மழை வேறு. டாக்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர். கிழக்கே ராமநாதபுரம் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. வெளியே ஒரு காளையைக் கட்டிப்போட்டு நாலைந்து பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் கேட்டார்.

"என்னம்மா, கன்னுக்குட்டிக்கு என்ன செய்யுது?"

"வலிக்கு சாரே. முந்தாநாள் முதலு வலிக்கு."

"எங்க வலிக்குது?"

"வயிறு. ரெண்டு பக்கமும் உள்ளோட்டு வலிக்கு." கையைத் தன் விலாவில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

அவர் தலையாட்டினார். வயிற்றுநோவு என்று அவர் காதில் விழுந்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையிலும் சென்னையிலும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

"பால் எப்படிக் குடிச்சுது?"

"நல்லா குடிச்சிச்சு சாரே. நான் ஒரு காம்பு அதுக்காட்டு விட்டிருவேன்."

"அதான் பாத்தேன்" என்று சிரித்தார். "ஆசையில அளவுக்கு மீறிக் குடுத்திருக்கீங்க. செரிக்காம வலிக்குது. பாலைக் குறைங்க. மருந்து தர்றேன், வாயில ஊத்துங்க."

இருமலைப் பற்றிச் சித்தி இனிமேல்தான் சொல்ல இருந்தாள். அவர் பால் என்று சொன்னதும் அவள் வாய் அடைத்துவிட்டது. மருந்துப் புட்டியை வாங்கித் துவர்த்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் நான் ஜன்னல் கம்பியில் வழிந்த மழைத்தண்ணீரை நக்கினேன். வழக்கமாகத் தலையில் தட்டுவாள். அன்றைக்குத் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னாள். "பாலு கூடிப்போச்சாம் யக்கா."

அம்மா அவளைப் பார்த்த பார்வை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. "அங்கயும் இதத்தான் செஞ்ச. இஞ்சயும் இதத்தான் செஞ்சிருக்க" என்றாள். பிறகு போய்க் கன்றைத் தாய்ப்பசுவின் கண்ணில் படாமல் தள்ளிக் கட்டினாள். சித்தி அடுப்படியில் போய் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். கறிக்குத் தேவையானது முடிந்தபிறகும் துருவிக்கொண்டே இருந்தாள்.

மருந்து ஊற்றப் பக்கத்து வீட்டு மாமா வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர், கையில் நல்ல பலம். மூங்கிலில் சாய்வாகச் சீவிய குழாய் ஒன்று எல்லா வீட்டிலும் அப்போது இருந்தது. மாட்டுக்கு மருந்து புகட்டுவது அதில்தான். இப்போது அப்படி ஒன்றை எங்கும் பார்க்க முடியாது. மாமா கன்றின் தாடையைப் பிடித்து மூஞ்சியை வானத்தைப் பார்க்கத் தூக்கினார். அம்மா குழாயைக் கடைவாயில் செருகி மளமளவென்று ஊற்றினாள். கன்று திமிறி, கொளகொளவென்று சத்தம் போட்டு இருமியது. மருந்து கொஞ்சம் மூக்கு வழியாக வந்தது. "உள்ள போயாச்சு" என்று மாமா திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போனதுதான், போகக் கூடாத வழியில்.

காலையில் கன்று எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து நாக்கை நீட்டியபடி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. சித்தி அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "போயிராத மக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் மழையில் குடை பிடித்துக்கொண்டு டாக்டர் வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். ஒரு காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கீழே சாயாக்கடையில், "வலிக்கிற கன்னு எந்த வீட்ல?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் சிரித்துவிட்டு வழி காட்டியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. அன்று காலையில் அந்த மனுஷர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, "நேத்து பூரா வலிச்சுது சாரே, வயிறு முதுகோட ஒட்டுகது மாதிரி வலிச்சுது" என்று இழுத்து இழுத்து மூச்சு விட்டுக் காட்டியிருக்கிறார். டாக்டர் கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்துவிட்டார். சித்தி விலாவில் கை வைத்து அழுத்தியது நினைவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஊர்ப் பேரைப் பார்த்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். இதையெல்லாம் அவரே பிறகு கை கழுவும்போது சொன்னார்.

தொழுவத்துக்குள் நுழைந்தவர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். "முதல்ல இந்த ஓலையைப் பிச்சு எறிங்க" என்றார். அவரும் இரண்டு கீற்றைப் பிடித்து இழுத்தார். என் பாவாடை ஓலையோடு சேர்ந்து சேற்றில் போய் விழுந்தது. உள்ளே வெளிச்சம் வந்தது. மண்டி போட்டுக் கன்றின் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். பிறகு ஊசி போட்டார்.

"நிமோனியா. நெஞ்சுல சளி கட்டியிருக்கு. மருந்தைத் தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்துனீங்களா?"

அம்மா தலையாட்டினாள்.

"அதுவும் நுரையீரலுக்குப் போயிருக்கும். குடுத்தது நான்தான். தப்பு என் பேர்ல" என்றார். அப்படிப் பெரியவர்கள் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"அப்ப பாலு கூடினதினால இல்லியா சாரே?" என்று அம்மா கேட்டாள்.

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. சீம்பாலை இன்னும் நல்லாக் குடிச்சிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது."

அம்மா வெந்நீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் தெருவெல்லாம் கொடுத்து, கருப்பட்டி போட்டுத் தின்ற சீம்பால் அது. அவளுக்கு அது புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

கன்றின் தலையை மடியில் வைத்திருந்த சித்தி அப்போதுதான் வாய் திறந்தாள். "சாரே, இது மனுசப்பிள்ளைக்கும் வருமா?"

"வரும்மா."

"வந்தா இப்பிடித்தான் வயிறு குழியுமா? மூக்கு விரியுமா?"

"ஆமா. இதே மாதிரிதான்."

"பாலு குடுத்தா முகத்தத் திருப்புமா?"

"மூச்சு விடவே முடியலன்னா எங்க குடிக்கும்?" என்று சொல்லிவிட்டு டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவர் அப்போதுதான் யோசித்திருக்க வேண்டும்.

"எம் பிள்ளைக்கு வலிச்சுது" என்றாள் சித்தி. "இதே மாதிரி வலிச்சுது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போவோம்னு நான் சொன்னேன். பாலு நெஞ்சில ஏறினதாக்கும், தட்டிக் குடுத்தா சரியாவும்னு சொன்னாவ."

டாக்டர் கழுத்திலிருந்த குழாயைக் கழற்றினார். "நான் மாட்டு டாக்டர்மா. அந்தப் பிள்ளையை நான் பாக்கல" என்றார். குழாயைப் பையில் வைத்தபடி, "நீங்க சொல்ற மாதிரி இருந்திருந்தா, அது பாலால வந்ததில்ல" என்றார்.

சித்தி அழுதாள். வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். நல்ல அழுகை, சத்தம் போட்டு அழுதாள். டாக்டர் எழுந்து போய் மழையில் நின்று கை கழுவினார். எனக்கு அப்போது புரிந்தது பாதிதான். கன்று சாகப் போகிறது, அதனால் அழுகிறாள் என்று நானும் சேர்ந்து அழுதேன்.

கன்று சாகவில்லை. டாக்டர் பிறகும் சில நாள் வந்து ஊசி போட்டார். ஒருநாள் எழுந்து நின்றது, விழுந்தது, மறுபடி நின்றது. ஒரு காது மட்டும் கடைசிவரை தொங்கிக்கொண்டே இருந்தது. வளர்த்தியும் கம்மி. அதை அம்மா ஒருபோதும் நல்ல மாடு என்று சொன்னதில்லை, விற்கவும் சம்மதித்ததில்லை.

மழை ஓய்ந்து ஓணத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார். சித்தியைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். கெட்ட மனுஷர் இல்லை. சாயாவைக் குடித்துக்கொண்டே, "இனியெங்கிலும் கவனிச்சு நடந்துக்கிட்டா போதும்" என்றார்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "அவ கவனிச்சுத்தான் நடந்தா" என்றாள். "பிள்ளைக்கு வந்தது வலிவு. நெஞ்சில சளி கட்டி வாற வலிவு. பாலு குடுத்து ஆரும் சாகல. நானும் வாய்க்கு வந்தத சொல்லியிருக்கேன், அது எனக்க தப்பு. ஒங்க அம்மைட்ட போயி இத இப்பிடியே சொல்லுங்க. சொல்லிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். அவள் கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொழுவத்தில் நின்றாள். கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் டம்ளரை வைத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார். அவர் போனபிறகு அம்மா டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். தங்கையின் வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டோமோ என்று அன்று சாயங்காலம் முழுக்கப் புலம்பினாள்.

ஓணம் கழிந்து அவர் திரும்பி வந்தார். கூட அவருடைய அம்மாவும் வந்திருந்தார். கிளம்பி வரச் சங்கடப்பட்டிருப்பார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். சித்தியின் மாமியார் உட்காரவில்லை. பின்பக்கமாக நடந்து நேராகத் தொழுவத்துக்குப் போனார். சித்தி குனிந்து கன்றுக்குப் புல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, பிள்ளைக்கு வலிக்கத்தான் செஞ்சுது" என்றார். "நானும் கண்டேன்."